ஒரே பேட்டரி, படகுக்கும் கொட்டகைக்கும்

பாய்மரப் படகில் ஒரு பேட்டரி, கொட்டகையில் இன்னொன்று என்று வைத்தால் எப்போதும் ஒன்று சும்மா கிடக்கும். அதனால் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றைக் கைப்பிடி வைத்த பெட்டியில் பொருத்தினேன். மொத்தம் 1,280 வாட்-மணி. ஒரு ஆள் தூக்கிவிடலாம்.

கொட்டகையில் சிக்கலே இல்லை: எல்இடி விளக்கு, சின்ன இன்வெர்ட்டர், கூரையில் சோலார் பேனல். படகில்தான் தொல்லை. மோட்டாரை முழு வேகத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பார்த்தவர்கள் எல்லாம் பேட்டரியைத்தான் குறை சொன்னார்கள். மல்டிமீட்டர் வேறு கதை சொன்னது: மோட்டார் ஓடும்போது பேட்டரி முனையில் 13 வோல்ட், மோட்டார் முனையில் 12-க்கும் கீழே. திருடன் வயர்தான்! 4 சதுர மி.மீ. வயர், போக வர 6 மீட்டர். 30 ஆம்பியர் ஓடினால் அதிலேயே முக்கால் வோல்ட் காலி. பச்சை பூத்த இணைப்பு மீதியைத் தின்றது.

வெள்ளீயம் பூசிய 16 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டேன், இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கியது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிக மின்னோட்டம் தாங்கும், சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பான்). பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. உறைநிலைக்குக் கீழே இந்த வகை பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் கடுங்குளிரில் பெட்டி வீட்டுக்குள் வந்துவிடும்.