ஒரு நூலை உரியவர் கையில் சேர்ப்பது எப்படி? மதுரை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

“எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்” என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்கு அந்த நூலின் மீது இருக்கும் அன்பு நமக்குப் புரிகிறது. அது நமக்கு ஏற்ற நூலா என்பது மட்டும் புரிவதில்லை. நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதை இன்னொரு விதியாகவும் வைத்தார். அடுத்த விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நூல்களைத் தேடிப் படித்து, மதிப்பிட்டு, பிறருக்குச் சொல்லும் பழக்கமுள்ள எவரும் இந்த மூன்றையும் மனத்தில் வைத்திருந்தால் போதும் என்பது என் எண்ணம். யாருக்காக என்ற கேள்வியைத் தேடும்போதே கேட்கத் தொடங்கிவிட வேண்டும்.

தேடலை நூலகத்திலிருந்து தொடங்குவது நல்லது. காசு கொடுத்து வாங்கிய நூலை எப்படியாவது நல்ல நூலென்று நம்பிவிட மனம் முயலும். இரவல் நூலிடம் அந்தத் தாட்சண்யம் இருக்காது. மதுரையில் சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. விடுதலைப் போராட்ட வரலாற்றிலும் காந்தியத்திலும் நாட்டமுள்ளவர்களுக்குக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தின் நூலகம் இருக்கிறது. இவற்றுள் எங்கே சென்றாலும், சில நாள்களிலாவது கையில் பட்டியல் இல்லாமல் செல்லுங்கள். ஒரே ஓர் அடுக்கின் முன்னால் நின்று, பெயர் கேள்விப்படாத ஆசிரியர்களின் நூல்களாக ஏழெட்டை எடுத்துக்கொண்டு மேசையில் அமருங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தையும், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லா ஆசிரியர்களும் பலமுறை திருத்தி எழுதியிருப்பார்கள். நடுப்பக்கம்தான் அந்த நூலின் அன்றாட நடையைக் காட்டும்.

கடைகளைப் பொறுத்தவரை, ரயில் நிலையத்தை ஒட்டிய மேல வெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணையும், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வேறு சில புத்தகக் கடைகளும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவில் உள்ளன. கடைக்காரரிடம் எது நன்றாக விற்கிறது என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. “எந்தப் புத்தகத்தை வாங்கினவங்க திரும்பி வந்து அதே ஆசிரியரோட வேற புத்தகம் இருக்கான்னு கேட்டாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தால் விற்ற நூலுக்கும் படித்தவரை ஈர்த்த நூலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பதில் காட்டிக்கொடுக்கும். கதைப்பாடல்கள், பெரிய எழுத்துப் பதிப்புகள், பக்தி நூல்கள் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்கள், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய கடைகளையும் ஒரு முறை விசாரித்துப் பார்க்கலாம்.

தமுக்கத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு ஒரு தனி முறை வேண்டும். முதல் நாள் எதையும் வாங்காமல், அரங்குகளில் கொடுக்கும் விலைப்பட்டியல்களை மட்டும் வாங்கி வந்து, வீட்டில் நிதானமாகக் குறியிட்டுக்கொண்டு, மறுநாள் வாங்கச் செல்வது நல்லது; வழக்கமான பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி கடைசி நாள் வரை இருக்கும், அவசரம் தேவையில்லை. பெரிய பதிப்பகங்களின் நூல்கள் ஆண்டு முழுவதும் கடைகளில் கிடைக்கும் என்பதால், திருவிழாவில் நேரத்தைச் சிறு பதிப்பக அரங்குகளில் செலவிடுங்கள். முன்பு ஒரு பதிப்புக்கு 1,200 படிகள் அச்சிடுவது பரவலான வழக்கமாக இருந்தது. இன்று எண்ணிம (டிஜிட்டல்) அச்சு வந்தபின், சில நூறு படிகளோ அதற்கும் குறைவாகவோ அச்சிடுகிறார்கள். இந்த ஆண்டு கண்ணில் பட்ட சிறுபதிப்பக நூல் அடுத்த ஆண்டு அங்கே இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அச்சில் கிடைக்காத பழைய நூல்களுக்கு இணையத்தில் மதுரைத் திட்டம் (Project Madurai) இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய இந்தத் தன்னார்வ முயற்சி, சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை ஏராளமான நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் இலவசமாகக் கொடுக்கிறது. நம் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கும் இந்தப் பணியை உலகின் பல மூலைகளிலிருக்கும் தமிழர்கள் சேர்ந்து செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான வழிகாட்டி, நமக்கு ஏற்கெனவே பிடித்த நூலின் உள்ளேயே இருக்கிறது. முன்னுரையில் ஆசிரியர் நன்றியோடு நினைக்கும் பெயர்கள், கட்டுரை நூல்களின் கடைசியில் வரும் துணைநூற் பட்டியல், மொழிபெயர்ப்பாளர் செய்த பிற மொழிபெயர்ப்புகள் ஆகிய மூன்றும் அடுத்த நூல்களுக்கு நேராக அழைத்துச் செல்லும். பிற இந்திய மொழிகளின் நாவல்களைத் தமிழில் படிக்க விரும்புவோர், நேஷனல் புக் டிரஸ்டின் ஆதான் பிரதான் வரிசையில் தொடங்கலாம். விருதுப் பட்டியலும் உதவும். சாகித்திய அகாதெமி 1955 முதல் பரிசு வழங்கி வருகிறது. ஆனால் விருது ஓர் ஆசிரியரைச் சுட்டிக்காட்டும் அளவுக்கு, அவருடைய ஆகச் சிறந்த நூலைச் சுட்டிக்காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பரிசு பெற்ற நூல் பிடிக்கவில்லை என்பதற்காக அந்த ஆசிரியரையே ஒதுக்கிவிடாமல், அவருடைய இன்னொரு நூலையாவது எடுத்துப் பாருங்கள்.

நூல் கைக்கு வந்ததும், பெரும்பாலானோர் புரட்டித் தள்ளிவிடும் நூற்குறிப்புப் பக்கத்தை முதலில் படியுங்கள். பழைய தமிழ் நூல்களில் இந்தப் பக்கம் மிக விரிவாக இருக்கும்: நூலின் பெயர், பொருள், பதிப்பு, உரிமை, கிரவுன் 1×8 என்று நூலின் அளவு, 10 புள்ளி என்று எழுத்தின் அளவு, தாளின் எடை, பக்கங்கள், விலை, அச்சகம் என எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். மதிப்புரை எழுதுபவருக்கும் பரிந்துரைப்பவருக்கும் இதில் வேண்டிய செய்திகள் பல உள்ளன. முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று பார்த்தால், நூலை அதன் காலத்தில் வைத்துப் படிக்கலாம். மொழிபெயர்ப்பாக இருந்தால், மூலத்திலிருந்து வந்ததா, ஆங்கிலத்தின் வழியாக வந்ததா, முழு நூலா, சுருக்கமா என்பதை அங்கே தேடுங்கள். சொல்லியிருக்காவிட்டால், அதையும் மதிப்புரையில் குறிப்பிடலாம்.

பதிப்பைக் கவனிப்பது தமிழில் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனபின் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளும் ஏராளம். அவற்றை யாரும் அச்சிடலாம் என்பதால், ஒரே நூல் பல பதிப்பகங்களிலிருந்து வருகிறது. அவற்றுள் ஒன்று ஆசிரியரின் முன்னுரையோடும் திருத்தமான பாடத்தோடும் இருக்கும். இன்னொன்று முன்னுரையை விட்டுவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழையோடு இருக்கும். பழைய இலக்கியமென்றால், சந்தி பிரித்து, சொற்களைத் தனித்தனியாகக் காட்டும் பாடமா, உரை உண்டா என்பதைப் பொறுத்து, ஒரு புதிய வாசகர் நுழைவாரா, முதல் பாட்டிலேயே மூடி வைப்பாரா என்பது முடிவாகிவிடும். பதிப்பைச் சொல்லாத பரிந்துரையைப் பாதிப் பரிந்துரை என்றே நான் கருதுகிறேன்.

படிக்கும்போது குறிப்பெடுப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சொந்த நூலென்றால் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளியும், கடைசி வெற்றுத்தாளில் பக்க எண்ணும் இரண்டு மூன்று சொற்களும் போதும். நூலக நூலென்றால், அதே குறிப்பை உள்ளே செருகிய துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மனம் சிலிர்த்த இடங்களோடு, கவனம் சிதறிய இடங்களையும் குறித்துவையுங்கள். முடித்தபின் பார்த்தால், எந்தப் பகுதியில் நூல் தொய்ந்தது என்பது எண்களாகவே தெரியும். முடித்த அன்றோ மறுநாளோ, வேறு யாருடைய மதிப்புரையையும் படிப்பதற்கு முன்பாக, உங்கள் கருத்தை ஐந்தாறு வரிகளில் எழுதிவிடுங்கள். பிறர் கருத்தைப் படித்தபின் எழுதினால், எது நம்முடையது என்று பிரித்தறிவது கடினம்.

இனி மதிப்புரை. “அருமையான நடை, ஆழமான கதை, கீழே வைக்கவே முடியவில்லை” என்ற மூன்று தொடர்களையும் எந்த நாவலுக்கும் எழுதிவிடலாம். அவற்றால் படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு கற்பனை நாவலை வைத்து, பயன்படும் மதிப்புரை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்: “மழை பொய்த்த ஓராண்டில், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கதை நடக்கிறது. முதல் அறுபது பக்கங்களில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை அறிமுகமாவதால், உறவுமுறைகளை நினைவில் வைத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். உரையாடல் முழுவதும் அந்த வட்டாரப் பேச்சு, சொற்பொருள் பட்டியல் இல்லை. கிணறு வெட்டும் அத்தியாயத்துக்காகவே இந்நாவலைப் படிக்கலாம். நகரத்துக்கு இடம் மாறும் கடைசிப் பகுதி அவசரமாக எழுதப்பட்டிருக்கிறது.” முடிவு என்னவென்று இதில் சொல்லப்படவில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் ஒருவர், இந்த நாவல் தமக்கானதா என்று தாமே முடிவு செய்துவிட முடியும்.

மதிப்பிடும்போது நூல் பிறந்த சூழலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வார இதழில் தொடராக வந்த நாவலில், ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு திடுக்கத்தோடு முடிவதும், நடந்ததை மீண்டும் சொல்லிவிட்டுத் தொடங்குவதும் இயல்பு. ஒரு வாரம் காத்திருந்து படித்தவருக்கு அது தேவையாக இருந்தது, ஒரே மூச்சில் படிப்பவருக்குத்தான் அலுப்புத் தருகிறது. அதைக் குறையென்று மட்டும் எழுதாமல், காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். வட்டார வழக்கு நூலாக இருந்தால், நமக்குப் பழகிய மதுரைப் பேச்சு, யாழ்ப்பாணத்திலோ கோவையிலோ இருந்து படிப்பவருக்கு எவ்வளவு தூரம் பிடிபடும் என்று ஒரு வரி சொல்லுங்கள். நடையைப் புகழ்ந்தால் ஒரு பத்தியையாவது மேற்கோளாகக் காட்டுங்கள், பக்க எண்ணோடு. குறை சொல்வதாக இருந்தால் இந்த விதி இன்னும் கண்டிப்பானது: சான்று காட்ட முடியாத குறையை எழுதாமல் விட்டுவிடுவதே முறை. ஆசிரியர் உங்களுக்கு நண்பரோ உறவினரோ என்றால், அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

பரிந்துரையில் எழுத்தைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். “அண்ணே, எனக்கு ஏத்த மாதிரி ஒரு புக்கு சொல்லுங்க” என்று தங்கை முறையுள்ள ஒருவர் கேட்டால், உடனே நமக்குப் பிடித்த பெயரைச் சொல்லிவிடத்தான் நாக்குத் துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, “கடைசியா எந்தப் புத்தகத்தம்மா முழுசாப் படிச்சு முடிச்ச? எதைப் பாதியில விட்ட?” என்று கேளுங்கள். பாதியில் விட்டதற்கான காரணம், பிடித்ததற்கான காரணத்தைவிடத் தெளிவாக வரும். “அது நல்லாத்தாண்ணே இருந்துச்சு, ஆனா திருமங்கலத்துல இருந்து பஸ்ல வர்றப்பதான் படிக்க முடியுது, வீட்டுல உக்காரவே முடியல” என்று அவர் சொன்னால், அவருக்குத் தேவை எளிய நூல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடியும் நூல்தான் அவருக்குத் தேவை: சிறுகதைத் தொகுப்பு, குறுநாவல், குறுகிய அத்தியாயங்களைக் கொண்ட தன்வரலாறு. கையில் பிடிக்க எடை குறைந்ததாகவும் இருக்கட்டும். கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட பெரியவருக்குச் சொல்லும்போது எழுத்தின் அளவையும், அண்மையில் துக்கம் நிகழ்ந்த வீட்டில் இருப்பவருக்குச் சொல்லும்போது நூலில் மரணம் எவ்வளவு இடம் பெறுகிறது என்பதையும் யோசித்தே ஆக வேண்டும். குழந்தைக்கென்றால் பெற்றோரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், குழந்தையிடமே கேளுங்கள்.

கேட்டறிந்தபின் ஒரே ஒரு நூலைச் சொல்லுங்கள். பத்துப் பெயர்களைக் கொடுத்தால் ஒன்றும் படிக்கப்படாது. ஆசிரியர், பதிப்பகம், தோராயமான விலை, எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதையும், எவ்வளவு தூரம் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “நாற்பது பக்கம் வரைக்கும் பாரு, அதுக்கப்புறமும் ஒட்டலைன்னா தயங்காமத் திருப்பிக் கொடுத்துரு” என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அவர் நம் மனம் கோணக் கூடாதே என்று படித்ததாக நடிக்க வேண்டியிருக்காது.

சில வாரங்கள் கழித்து, எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒரு முறை மட்டும் விசாரியுங்கள். நின்றுவிட்டதென்றால் எந்த இடத்தில், ஏன் என்று கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் அந்த நூலின் பெயருக்கு எதிரே அவருடைய பெயரையும் பக்க எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே நூலை அடுத்தவருக்குச் சொல்லும்போது, அந்தப் பக்கத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கலாம். அவருக்கு வேறு நூலைத் தேடும்போதும், அந்தக் காரணத்திலிருந்தே தொடங்கலாம்.