'ரெட் டுவார்ஃப்' இரண்டாம் சீசனை எடைபோடுவது எப்படி

இரண்டாம் சீசன் வந்ததும் "முதலாவதைவிடப் பிரமாண்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமே இல்லை. முதல் சீசன் போட்டுவைத்த விதிகளை வைத்தே ஆட்களுக்குப் புதுத் தொல்லை கொடுக்க முடிந்ததா என்று மட்டும் பார்ப்பேன். இதைப் பழகிக்கொள்ள பிபிசியின் கிறுக்குத்தனமான விண்வெளி நகைச்சுவை 'ரெட் டுவார்ஃப்' ரொம்ப வசதி. இரண்டு சீசன்களும் 1988-இலேயே வந்தவை. முதலாவது மார்ச்சில் முடிய, இரண்டாவது செப்டம்பரில் தொடங்கிவிட்டது. சீசனுக்கு ஆறு எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். எழுதியது ராப் கிராண்ட், டக் நெய்லர்; இயக்கம் எட் பை. இரண்டிலும் இதே ஆட்கள்தான். எனவே "டீம் மாறிவிட்டது" என்ற சாக்கு இங்கே எடுபடாது.

பார்க்கும் முன் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1998-இல் முதல் மூன்று சீசன்களை மெருகேற்றுகிறேன் என்று மினியேச்சர் கப்பலைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கப்பலை வைத்தார்கள். அதைப் பார்த்து மார்க் போட்டால் 1988-இன் வேலைக்குப் போட்டதாகாது.

முதல் சீசன் முழுவதையும் திரும்ப ஓட்ட வேண்டாம், முதல் எபிசோடு போதும். அதிலிருந்து விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். லிஸ்டர் முப்பது லட்சம் வருடம் உறைநிலையில் கிடந்து எழுந்தவன். கப்பலில் உயிரோடு மிஞ்சிய மனிதன் அவன் ஒருவன்தான். செத்துப்போன அறைத்தோழன் ரிம்மர் இப்போது ஹோலோகிராம், எதையும் தொட முடியாது. பூனை வம்சத்திலிருந்து பரிணமித்த கேட். கப்பலை நடத்தும் ஹோலி, ஐ.க்யூ. 6000 என்று பீற்றிக்கொள்ளும் கம்ப்யூட்டர்.

இந்தத் தாளோடு இரண்டாம் சீசனின் 'பெட்டர் தேன் லைஃப்' எபிசோடைப் பாருங்கள். பூமியிலிருந்து தபால் வந்து சேர்கிறது. அதில் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கும் ஒரு விளையாட்டும் இருக்கிறது, ரிம்மரின் அப்பா இறந்துபோன செய்தியும் இருக்கிறது. விளையாட்டுக்குள் ரிம்மரால் தொட முடியும். 'தொட முடியாது' என்ற விதியை ஓர் எபிசோடுக்குத் தளர்த்துகிறார்கள். சரி, இனி ஆசாமி சந்தோஷமாக இருப்பான் என்று நினைப்போம். அவன் மூளைக்கே நல்லது நடந்தால் தாங்காது. ஆசைப்பட்ட பெண் கிடைக்கிறாள். பின்னாலேயே பிள்ளைகுட்டி, வரி வசூலிக்கிறவன் என்று வரிசையாக வந்து நிற்கிறார்கள். விதியைத் தளர்த்தியதில் ஆள் யாரென்று இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இதற்கு முழு மார்க்.

அடுத்த எபிசோடு 'தேங்க்ஸ் ஃபார் த மெமரி'. இதை இரண்டு தடவை பார்த்தே ஆக வேண்டும். கண்விழித்தால் நான்கு நாள் ஞாபகத்தில் இல்லை. லிஸ்டருக்கும் கேட்டுக்கும் காலில் கட்டு. மேசையில் ஜிக்சா புதிர் முடிந்து கிடக்கிறது. காதலே தெரியாத ரிம்மர் மேல் இரக்கப்பட்டு, தன் பழைய காதலின் எட்டு மாத ஞாபகத்தை லிஸ்டர் அவன் மண்டையில் ஒட்டிவைத்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். இரண்டாம் தடவை பார்க்கும்போது துப்புகள் நேர்மையாக வைக்கப்பட்டிருந்தனவா என்று சோதியுங்கள். எல்லாம் கண்முன்னேதான் கிடக்கும். என்னைக் கேட்டால் இந்த சீசனின் உச்சம் இதுதான்.

'க்வீக்' எபிசோடுக்கும் இதே சோதனை. முடிவு தெரிந்தபின் ஹோலியாக வரும் நார்மன் லவெட்டின் அப்பாவி முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். நான் முதல் தடவையைவிட அப்போதுதான் அதிகம் சிரித்தேன்.

புதிதாக வருகிறவரை எடைபோடுவதில் பலர் சறுக்குவார்கள். இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் கிரைட்டன் என்ற ரோபோ வருகிறது. எஜமானிகள் எலும்புக்கூடாகிப் பல காலம் ஆனபின்னும் அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறது. இங்கே நடித்தவர் டேவிட் ராஸ். அந்த ஓர் எபிசோடோடு சரி. 1989-இல் மூன்றாம் சீசனிலிருந்து ராபர்ட் லவெலின் அந்த வேடத்தை ஏற்று நிரந்தரப் பாத்திரமானார். அந்தப் பிற்காலக் கிரைட்டன் மேல் உள்ள பாசத்தை இங்கே கொண்டுவந்து கூடுதல் மார்க் போடாதீர்கள். கிரைட்டன் வந்ததால் பழைய ஆட்களைப் பற்றி என்ன தெரிந்தது? ரிம்மர் ஒரு வேலைக்காரன் கிடைத்தான் என்று ஏவுகிறான், லிஸ்டர் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறான். அந்த அளவில் பாஸ்.

கடைசி எபிசோடு 'பேரலல் யுனிவர்ஸ்'. ஆண், பெண் இடம் மாறிய உலகம். பெண்கள் ஆண்களைத் துரத்தும் ஜோக்கையே இழுத்திருக்கிறார்கள், இன்று பார்த்தால் சலிக்கிறது. அந்தக் காலத்து ரசனை என்று சலுகை தர வேண்டாம். சிரிப்பு வரவில்லை என்றால் மார்க்கைக் குறையுங்கள். ஆனால் தனக்கு ஜோடியாக ஒரு பெண் பூனையை எதிர்பார்த்துப் போகும் கேட் எதிரே ஒரு நாய் வந்து நிற்கும் இடத்துக்கு, குறைத்ததில் பாதியைத் திருப்பித் தரலாம்.