இன்னொரு நாட்டுக்காக ஹாக்கி ஆடப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினா தங்கம் வென்றபோது 11 கோல் அடித்து அதிக கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் கொன்சாலோ பெய்லாட். 2023 ஜனவரியில் புவனேஸ்வரில் ஜெர்மனி உலகக் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியிலும் அவர் இருந்தார். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்ததும் அவர்தான். நாடு மாறுவது இவ்வளவு சுலபமா என்று அதைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் கவனிக்காமல் விட்டது நடுவிலிருந்த இடைவெளியை. 2018 டிசம்பர் உலகக் கோப்பைக்குப் பிறகு அவர் அர்ஜென்டினா அணியை விட்டு விலகினார். ஜெர்மனிக்காக முதல் ஆட்டம் ஆடியது 2022-இல். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசி கோல் அடிக்கும் டிராக் ஃபிளிக்கர் ஒருவர், அதுவும் நல்ல ஃபார்மில் இருந்தவர், மூன்று ஆண்டுகளுக்கு மேல் எந்த நாட்டின் ஜெர்சியும் போடாமல் கிளப் ஆட்டத்திலேயே காலம் தள்ளியிருக்கிறார்.

தேசிய அணி மாறுவதில் திறமையால் தோற்பவர்கள் குறைவு. தேதியாலும் காகிதத்தாலும் தோற்பவர்களே அதிகம்.

பாஸ்போர்ட் வந்தால் போதும் என்று நினைப்பது

குடியுரிமை ஓர் அரசு தருவது. ஆடும் தகுதி விளையாட்டுச் சம்மேளனம் தருவது. முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடைக்காது; ஆனால் முதலாவது இருப்பதாலேயே இரண்டாவது கிடைத்துவிடாது. பிறப்பிலேயே இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இதில் அடிக்கடி இடறுகிறார்கள். இரண்டு பாஸ்போர்ட்டும் சின்ன வயதிலிருந்தே வீட்டு அலமாரியில் இருப்பதால், எந்த அணி வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. முதல் அணியைத் தேர்ந்தெடுக்கும்வரை அது பெரும்பாலும் சரி. ஒரு நாட்டுக்காக அதிகாரபூர்வ ஆட்டம் ஆடிய நொடியிலிருந்து கதை வேறு.

ஐஸ் ஹாக்கி வீரர் பிரெட் ஹல் கனடாவில் பிறந்தவர், தாய் அமெரிக்கர். 1986 உலக சாம்பியன்ஷிப்பில் அவர் அமெரிக்காவுக்காக ஆடினார், கடைசிவரை அங்கேயே இருந்தார். இது அணி மாறியதற்கான உதாரணம் இல்லை, முதல் தேர்வுக்கான உதாரணம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

எந்த ஹாக்கி என்று பார்க்காமல் விதியைப் படிப்பது

இணையத்தில் தேடினால் இரண்டு விளையாட்டுகளின் விதிகளும் கலந்து வரும். புல்வெளியிலும் டர்ஃப் எனும் செயற்கைப் புல்தரையிலும் ஆடும் ஹாக்கியை நடத்துவது எஃப்.ஐ.எச். என்ற சர்வதேச ஹாக்கி சம்மேளனம். ஐஸ் ஹாக்கியை நடத்துவது ஐ.ஐ.எச்.எஃப். என்ற சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம். இரண்டின் கணக்கும் அடிப்படையிலேயே வேறு.

டர்ஃப் ஹாக்கியில் கேள்வி இதுதான்: பழைய நாட்டுக்காகக் கடைசியாக எப்போது ஆடினீர்கள்? அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒலிம்பிக் சாசனத்தின் 41-ஆவது விதியும் அதே மூன்று ஆண்டைத்தான் சொல்கிறது.

ஐஸ் ஹாக்கியில் அதோடு இன்னொரு கேள்வியும் சேரும்: புது நாட்டின் உள்நாட்டுப் போட்டிகளில் எவ்வளவு காலம் ஆடியிருக்கிறீர்கள்? இதுவரை எந்த நாட்டுக்கும் ஆடாத, புதிதாகக் குடியுரிமை பெற்ற ஆடவர் என்றால் தொடர்ச்சியாக இரண்டு சீசன், குறைந்தது 480 நாள். ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக ஆடியவர் என்றால் தொடர்ச்சியாக நான்கு ஆண்டு, அதாவது 1460 நாள். அந்தக் காலத்தில் பழைய நாட்டுக்காக ஆடியிருக்கவும் கூடாது. எனவே மூன்று ஆண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன், இனி ஆடலாம் என்று ஐஸ் ஹாக்கி வீரர் சொல்ல முடியாது. அவர் புது நாட்டில் உண்மையிலேயே ஸ்கேட் கட்டி ஆடியிருக்க வேண்டும்.

விதிப்புத்தகங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. மகளிருக்கும் இளையோருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், நீங்கள் ஆட விரும்பும் சீசனுக்கு நடைமுறையில் இருக்கும் பதிப்பைச் சம்மேளனத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

“கடைசியா ஒரே ஒரு மேட்ச்”

நெஞ்சு கனிந்து செய்யும் தவறு இது. கிளம்ப முடிவெடுத்தாயிற்று, பழைய அணியின் பயிற்சியாளர் ஒரு தொடருக்கு மட்டும் வந்துவிட்டுப் போ என்கிறார், நண்பர்களும் கேட்கிறார்கள். போகிறார். கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறது.

கணக்கைப் பாருங்கள். 2023 ஜூன் 20-இல் ஓய்வு சொன்ன டர்ஃப் வீரருக்கு 2026 ஜூன் 20-இல் மூன்று ஆண்டு முடியும். ஆகஸ்டில் தொடங்கும் பெரிய தொடருக்கு நேரம் இருக்கிறது. அதே ஆள் 2023 டிசம்பர் 10-இல் ஒரு பிரியாவிடை ஆட்டம் ஆடினால் கெடு 2026 டிசம்பர் 10-க்குத் தள்ளிப்போகும். அறுபது நிமிட ஆட்டத்துக்காக ஓர் உலகத் தொடர் கைநழுவும். களத்தில் இறங்காமல் பெஞ்சில்தான் இருந்தேன் என்ற வாதத்தை நம்பியும் போகாதீர்கள். அணிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அதை விளக்கி மாள வேண்டியது நீங்கள்தான். பெயரே ஏறாமல் பார்த்துக்கொள்வது எளிது.

தேதியை முன்னிருந்து எண்ணுவது

கிளம்பிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் எப்போதும் ஏதாவது விடுபடும். ஆட விரும்பும் போட்டியின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கெடு முடிந்திருக்க வேண்டியது போட்டி தொடங்கும்போது. உங்கள் அணியின் இரண்டாவது ஆட்டத்தின்போதோ காலிறுதியின்போதோ முடிந்தால் பயனில்லை.

ஐஸ் ஹாக்கி ஆடவர் உலக சாம்பியன்ஷிப் 2026 மே 15-இல் தொடங்குகிறது. 480 நாள் பின்னே போனால் 2025 ஜனவரி 20 வருகிறது. ஜனவரி 19-ஆம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. விதி கேட்பது இரண்டு சீசனும் 480 நாளும். ஜனவரியில் பாதி சீசன் போயிருக்கும். அந்தப் பாதியை முழு சீசனாக ஏற்பார்களா என்ற தகராறு வேண்டாம். 2024 ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, சீசன் தொடங்கும்போதே சேர்ந்திருக்க வேண்டும்.

இன்னும் முக்கியமானது, எந்தத் தேதியை எடுத்துக்கொள்வார்கள் என்பது. ஒப்பந்தம் போட்ட தேதியும் கணக்கில் வராது, விமானத்தில் வந்திறங்கிய தேதியும் வராது. ஐ.டி.சி. எனப்படும் சர்வதேச இடமாற்ற அட்டை அங்கீகரிக்கப்பட்ட தேதிதான் செல்லும். ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுச் சங்கத்துக்குப் போகும் வீரருக்கான அட்டை அது. வீரர், பழைய சங்கம், புதிய சங்கம் மூவரும் கையெழுத்திட்டு, ஐ.ஐ.எச்.எஃப். ஒப்புதல் தர வேண்டும். கிளப் மேலாளர் “அனுப்பிட்டோம்” என்று சொன்னதோடு திருப்திப்படாதீர்கள். ஒப்புதல் தேதி தெரியும் பிரதியை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து, அந்த மேலாளர் வேறு வேலைக்குப் போன பிறகு, அட்டையைத் தேடி அலைவது பெரும் தலைவலி.

“தொடர்ச்சியாக” என்ற சொல்லிலும் கண் இருக்கட்டும். நடுவில் நல்ல சம்பளம் கிடைக்கிறதென்று அரை சீசன் வேறு நாட்டு லீகுக்குப் போய் வந்தால் தொடர் அறுந்துவிடும். அதுவரை சேர்த்த நாட்கள் போனவைதான்.

குடியுரிமை வந்த பிறகு ஆட ஆரம்பிப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. குடியுரிமைக்கான காலமும் உள்நாட்டில் ஆடும் காலமும் ஒரே நேரத்தில் ஓடலாம். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் தென் கொரிய ஆடவர் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் மேட் டால்டன் கனடாவில் பிறந்தவர். 2014-இல் அன்யாங் ஹல்லா கிளப்பில் சேர்ந்தார். குடியுரிமை கிடைத்தது 2016-இல். குடியுரிமை வரட்டும் என்று காத்திருந்து பிறகு கிளப்பில் சேர்ந்திருந்தால் 2018-க்கு நேரம் போதுமா என்பதே சந்தேகமாகியிருக்கும்.

சின்ன வயசு ஆட்டத்தை மறப்பது, பழங்கதையை முன்னுதாரணம் ஆக்குவது

பதினெட்டு வயதுக்குட்பட்டோர், இருபது வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப்களும் ஐ.ஐ.எச்.எஃப். போட்டிகளே. கீழ்ப் பிரிவுத் தொடர்களும் அப்படியே. யெவ்கெனி நபோகோவ் கஜகஸ்தானின் உஸ்ட்-கமெனோகோர்ஸ்க்கில் பிறந்த கோல்கீப்பர். 1994-இல், பதின்பருவத்தில், கஜகஸ்தானுக்காக உலக சாம்பியன்ஷிப்பின் கீழ்ப் பிரிவு ஒன்றில் ஆடினார். பிறகு வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.-இல் பெரிய பெயர் எடுத்து, 2002 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்காக ஆட விரும்பியபோது அந்தப் பழைய தொடர் குறுக்கே வந்து நின்றது. ரஷ்ய ஜெர்சியில் ஒலிம்பிக் ஆட 2006 டுரின் வரை ஆயிற்று. ஆகவே பிள்ளைக்கு முதல் இளையோர் அழைப்பு வரும்போதே, மற்ற நாட்டு வாய்ப்பை இது எப்படிப் பாதிக்கும் என்று பெற்றோர் கேட்டுவிட வேண்டும். யாரும் கேட்பதில்லை. ஜெர்சியோடு படம் எடுத்துக்கொள்வதில் கேள்வி மறந்துபோகிறது.

பிரையன் டிராட்டியர் 1981 கனடா கோப்பையில் கனடாவுக்கும் 1984-இல் அதே கோப்பையில் அமெரிக்காவுக்கும் ஆடினாரே, எனக்கு மட்டும் ஏன் முடியாது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கனடா கோப்பை ஓர் அழைப்புத் தொடர். உலக சாம்பியன்ஷிப்பும் அல்ல, ஒலிம்பிக்கும் அல்ல. அதை மேற்கோள் காட்டி இன்று விண்ணப்பம் போட்டால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஐஸ் ஹாக்கியில் மாற்றம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. சரிப்படவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் போகாமல் இருப்பதே நல்லது.

இன்றைய தரவரிசையைப் பார்த்து மாறுவது

மூன்று, நான்கு ஆண்டு கழித்து ஆடப்போகும் அணியை இன்றைய பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுப்பது வெறும் சூதாட்டம். பிரிட்டிஷ் தீவுகளில் இது நன்றாகத் தெரியும். டர்ஃப் ஹாக்கி உலகக் கோப்பையில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து தனித்தனி அணிகள். ஒலிம்பிக்கில் மூன்றும் சேர்ந்து கிரேட் பிரிட்டன். அயர்லாந்து அணியோ முழுத் தீவுக்கும் பொது, வட அயர்லாந்துக்காரர்களும் அதில் ஆடலாம். 1908-க்குப் பிறகு அயர்லாந்து ஆடவர் அணி ஒலிம்பிக் பக்கம் போனதே இல்லை என்றிருந்த காலத்தில் இயன் லூயர்ஸ், மார்க் கிளெக்ஹார்ன், டேவிட் ஏம்ஸ் ஆகியோர் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்து-பிரிட்டன் பக்கம் மாறினார்கள். லூயர்ஸ் 2012 லண்டனில் ஆடினார். கிளெக்ஹார்னும் ஏம்ஸும் 2016 ரியோவுக்குப் போனார்கள். அதே ரியோவுக்கு அயர்லாந்தும் தகுதி பெற்று வந்து சேர்ந்தது! அவர்கள் எடுத்த முடிவு தவறு என்று சொல்ல வரவில்லை. நான்கு ஆண்டில் அணிகளின் நிலை எவ்வளவு புரளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

தரவரிசைக்குப் பதிலாக உங்கள் இடத்தில் ஆடுபவர்களின் வயதைப் பாருங்கள். கோல்கீப்பருக்கு இது இன்னும் கறார்: அணியில் இறங்குவது ஒருவர்தான், இருபத்துநான்கு வயதுக்காரர் ஒருவர் அங்கே வேரூன்றியிருந்தால் பத்து ஆண்டு உட்கார வேண்டியிருக்கும். பெனால்டி கார்னர் நிபுணர் இல்லாத அணி டிராக் ஃபிளிக்கரை வரவேற்கும். பயிற்சியாளரின் வாக்குறுதி அவருடைய ஒப்பந்தம் முடியும்வரைதான் செல்லும்; ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று கேட்டு வையுங்கள்.

பழைய குடியுரிமையை அவசரப்பட்டு விடுவது

ஜப்பான், சிங்கப்பூர், இந்தியா, சீனா போன்ற நாடுகள் வயதுவந்தோருக்கு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அங்கே மாறினால் வாக்குரிமை, சொத்து, பெற்றோரைப் பார்க்க விசா என்று எல்லாமே மாறும். தேர்வுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். முழங்கால் ஒருமுறை முறுக்கினால் போதும், ஆட்டமும் இருக்காது, பழைய பாஸ்போர்ட்டும் இருக்காது. விளையாட்டுச் சம்மேளனத்தின் பதில் எழுத்தில் வருவதற்கு முன் எதையும் ஒப்படைக்காதீர்கள்.

சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவது

கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் இடமாற்ற அட்டையில் கையெழுத்துப் போட வேண்டியது அதே பழைய சங்கம். ஒலிம்பிக்குக்கான மூன்று ஆண்டுக் கெடுவைக் குறைக்கவோ நீக்கவோ வேண்டுமானால் சம்பந்தப்பட்ட தேசிய ஒலிம்பிக் குழுக்களும் சர்வதேசச் சம்மேளனமும் ஒத்துக்கொள்ள வேண்டும்; முடிவெடுப்பது ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு. நேற்று பேட்டியில் நீங்கள் திட்டிய ஆளிடம் நாளை கடிதம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். கிளப் ஒப்பந்தம் பாக்கி, தண்டனைக்காலம் பாக்கி இருந்தால் அவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

வாய்வார்த்தையோடு நிறுத்துவது

புது நாட்டுச் சங்கம் வழியாகச் சர்வதேசச் சம்மேளனத்துக்கு இப்படி ஒரு கேள்வி எழுத்தில் போகட்டும்:

“நான் பிறந்த தேதி இது. இன்னின்ன நாட்டுக் குடியுரிமை இன்ன தேதியிலிருந்து உள்ளது. இளையோர் பிரிவு உட்பட நான் ஆடிய சர்வதேசத் தொடர்கள் இவை. கடைசி ஆட்டம் இன்ன தேதி. இடமாற்ற அட்டைகளின் ஒப்புதல் தேதிகள் இவை. இன்ன தேதியில் தொடங்கும் இன்ன போட்டியில் இந்த நாட்டுக்காக ஆட எனக்குத் தகுதி உண்டா? இல்லையெனில், எந்தத் தேதியிலிருந்து உண்டு?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் திட்டமிட முடியாது; தேதி கிடைத்தால் முடியும். பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்று, அட்டைப் பிரதிகள், சீசன் வாரியாக ஆடிய ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டுகள் ஆகியவற்றை இணையுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஓர் ஆவணத்தில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் தந்தை பெயர் பின்னாலும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கத் தனியாக ஒரு சான்றிதழ் தேட வேண்டிவரும். போட்டிக்கு வீரர் பட்டியல் கொடுக்கும் கடைசி வாரத்தில் அதைத் தேடக் கிளம்பினால் கிடைக்காது.