ஜூ-ஆன் படத்தைக் குழம்பாமல் பார்க்க

ஜூ-ஆன் ஒரு ஜப்பானியப் பேய்ப் படம். முதலில் சரியான படத்தைப் பிடியுங்கள். இயக்குநர் தகாஷி ஷிமிஸு இதே கதையை மாற்றி மாற்றி எடுத்து வைத்திருக்கிறார். 2000-இல் நேரடியாக வீடியோவில் வந்தவை இரண்டு. தியேட்டருக்கு எடுத்த முதல் படம் 2002. அமெரிக்காவுக்காக அவரே எடுத்தது 2004. நான் சொல்வது 2002 படத்தை. தொடக்கத்துக் கொலைக் காட்சி முடிந்ததும் ‘ரிகா’ என்று ஒரு பெயர் திரையில் வந்தால் சரியான படம்தான், உட்காரலாம். ஒன்றரை மணி நேரம்.

டப்பிங் வேண்டாம். ஜப்பானியக் குரலை வைத்துக்கொண்டு சப்டைட்டிலோடு பாருங்கள். “படிச்சுக்கிட்டே எப்படிப் பயப்படறது?” என்பார் எங்கள் அண்ணி. இந்தப் படத்தில் பேச்சே குறைவு, அதனால் அந்தக் கவலை இல்லை. ஒன்று மட்டும்: எழுத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். தோஷியோ என்ற பேய்ப் பையன் குந்தி உட்காருகிற பேர்வழி. பெரிய எழுத்தாக இருந்தால் அவன் தலைமேலேயே வந்து விழும்.

விளக்கையும் அணைக்க வேண்டியதில்லை. இது இருட்டை நம்பி எடுத்த படமில்லை. ரிகா பட்டப்பகலில்தான் அந்த வீட்டுக்கு வருகிறாள், தனியாகக் கிடக்கும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள. குப்பையைப் பொறுக்குகிறாள், பாட்டியைத் துடைத்துவிடுகிறாள். ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். அப்புறம் மாடியில் ஒரு சத்தம். மெத்தையை மடித்து வைக்கிற அலமாரி, சறுக்குக் கதவு, விளிம்பெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறது. ஜப்பானிய வீடுகளில் சாதாரணமாக இருக்கிற அலமாரிதான் அது. டேப்பை யார் ஒட்டினார்கள், எதற்கு ஒட்டினார்கள் என்று யோசிக்கிறீர்கள் பாருங்கள், அங்கே படம் உங்களைப் பிடித்துவிட்டது.

இனி குழப்பத்துக்கு வருவோம். பாதியில் எழுந்து போகிறவர்கள் எல்லாம் இங்கேதான் போகிறார்கள். படம் ஆறு பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளின் பெயர்: ரிகா, கட்சுயா, ஹிதோமி, தோயாமா, இஸுமி, கயாகோ. இது நடந்த வரிசை இல்லை. கட்சுயா, ஹிதோமி பகுதிகள் ரிகா வருவதற்கு முன்னால் நடந்தவை. கட்சுயா அந்தப் பாட்டியின் மகன், ஹிதோமி மகள். இஸுமி பகுதி பல வருடம் கழித்து. இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து டிவி ரிமோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், போதும். தோயாமா முன்னாள் போலீஸ்காரர், அவருக்கு ஒரு சின்ன மகள். அவர் அந்த வீட்டுக்குள் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணைப் பார்க்கிற இடத்தில் “இது யாரு?” என்று கேட்டுப் படத்தை நிறுத்தாதீர்கள். அடுத்த பெயர் வரட்டும்.

நம் பேய்ப் படங்கள் பழக்கிவிட்ட இரண்டு எதிர்பார்ப்புகளையும் செருப்போடு வாசலில் விட்டுவிடுங்கள். ஒன்று, பேய்க்கு ஒரு நியாயம், அதற்கு ஒரு ஃபிளாஷ்பேக், கடைசியில் வில்லனைப் பழிவாங்கினால் சாந்தி. இதில் பேயாக வருகிற கயாகோவைக் கொன்றவன் அவள் புருஷன். அது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் அவள் கணக்குத் தீர்க்க வரவில்லை. கோபத்தோடு செத்த இடத்தில் அந்தச் சாபம் தங்கிவிட்டது, அதைத் தொட்டவன் கெட்டான், அவ்வளவுதான். ரிகா யாருக்கு என்ன பாவம் செய்தாள்? இரண்டு, மந்திரவாதி. அவர் வரவே மாட்டார்.

பார்வையை எங்கே வைப்பது? பேசுகிறவர் முகத்தில் இல்லை, அவருக்குப் பின்னால். ஹிதோமி தன் அடுக்குமாடி வீட்டுக்கு லிஃப்டில் ஏறிப் போகிற காட்சியைத் தவறவிடாதீர்கள். லிஃப்ட் கதவில் கண்ணாடி இருக்கிறது. ஒவ்வொரு மாடியும் அந்தக் கண்ணாடியில் வந்து கீழே இறங்கிப் போகிறது. ஒவ்வொரு மாடியிலும் அந்தப் பையன் நிற்கிறான். ஹிதோமி பார்க்கவில்லை. இசையும் “இதோ பார்” என்று தட்டிக் கூப்பிடாது. போனை நோண்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் அது வெறும் லிஃப்ட்தான். எனக்கு இந்தப் படத்திலேயே பிடித்த காட்சி இது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

அடுத்து வருகிற போர்வைக் காட்சியைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். பயந்தால் போர்வைக்குள் புகுந்துகொள்கிற சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

ஒலியைச் சற்றுத் தூக்கியே வையுங்கள். கயாகோவின் தொண்டையிலிருந்து விட்டு விட்டு வருகிற அந்தக் கரகரப்பு, அவள் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். மின்விசிறி இரைச்சலில் அது அமுங்கிவிட்டால் பாதிப் படம் போச்சு. பையன் வாய் திறந்தால் பூனைச் சத்தம் வரும், அதை ஒலிக்கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

முடிந்ததும் சூட்டோடு சூடாக 2004 படத்தையும் போட்டுவிடாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். அதிலும் கயாகோவாக அதே தகாகோ ஃபுஜிதான், பையனும் அதே யூயா ஒஸெகிதான், கதை நடப்பதும் டோக்கியோவில்தான். லிஃப்ட் காட்சியும் உண்டு. ஆனால் அதில் கயாகோவின் பழைய கதையை விளக்கி விளக்கிச் சொல்லிவிடுவார்கள். விடை தெரிந்தே ஆகவேண்டும் என்கிற அண்ணி மாதிரி ஆட்களுக்கு அதையே முதலில் போட்டுக் காட்டலாம், தப்பில்லை.