வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருவரைத் தாங்கி மிதக்கவைப்பது எப்படி

தண்ணீரில் மல்லாந்து படுத்திருப்பவரை இரண்டு கைகளால் தாங்கிக்கொண்டு, அவருடைய மூச்சு போகும் போக்கில் மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அப்படி அரை மணி நேரம் மிதந்துவிட்டு எழுந்தவரின் முகத்தை ஒரு முறை பார்த்தால் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கே தோன்றிவிடும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

முறையாகச் செய்தால் இதற்கு வாட்சு என்று பெயர். வாட்டர், ஷியாட்சு இரண்டையும் ஒட்டவைத்து உண்டான சொல். ஷியாட்சு என்பது உடம்பின் புள்ளிகளை விரலால் அழுத்தி, கைகால்களை நீட்டிவிடும் முறை. ஜப்பானிய ஷியாட்சுவைக் கற்ற ஹரோல்ட் டல் என்ற அமெரிக்கர், கலிஃபோர்னியாவில் ஹார்பின் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் ஆட்களை மிதக்கவிட்டு அதே நீட்டல்களைச் செய்து பார்த்தார்; 1980இல் தொடங்கியது அது. முழு வாட்சுவில் உடலை முறுக்குவது, மூட்டுகளை நீட்டுவது, புள்ளிகளை அழுத்துவது எல்லாம் உண்டு, அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். நான் இங்கே சொல்வது முதல் பாடம் மட்டும். ஓய்வுக்கு அதுவே தாராளமாகப் போதும். நோய்க்கு வைத்தியமாக நினைத்துச் செய்யக் கூடாது.

முதலில் தண்ணீர். 35 டிகிரி செல்சியஸ், ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். சாதாரண நீச்சல் குளம் 26, 28 டிகிரி இருக்கும், நீந்துகிறவருக்கு அது சுகம், ஆனால் அசையாமல் கிடப்பவருக்குப் பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும், ஏனென்றால் காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை மிக வேகமாக இழுத்துக்கொள்ளும். 35 என்பது ஏறக்குறைய தோலின் சூடு. அந்தச் சூட்டில் சிறிது நேரம் அசையாமல் கிடந்தால் உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போகும். 38க்கு மேல் போனால் தலைசுற்றும், அது வேறு வகைக் குளியல். ஆழம் தாங்குபவரின் மார்பளவு இருந்தால் சரி.

யார் இறங்கக் கூடாது என்பதைத் தயவுசெய்து அவசரமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். காய்ச்சல், ஆறாத புண், தோல் தொற்று, வயிற்றுப்போக்கு, செவிப்பறையில் ஓட்டை, கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தால் வேண்டாம். மது குடித்திருந்தாலும் வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம், கழுத்தெலும்புப் பிரச்சினை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். கழுத்தளவு தண்ணீரில் இருக்கும்போது நீரின் அழுத்தம் கால்களில் உள்ள ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. சிறுநீர் முட்டுவதும் அதனால்தான், எனவே இறங்கும் முன் இருவரும் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள்.

இறங்குவதற்கு முன்பே கரையில் பேசி முடித்துவிடுங்கள். தண்ணீரில் அவர் காது மூழ்கியிருக்கும், நீங்கள் சொல்வது எதுவும் கேட்காது. தண்ணீர் பயம் உண்டா, எங்கே வலி, எங்கே தொட வேண்டாம் என்று கேளுங்கள். கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

சரி, இப்போது தண்ணீருக்குள். கால்களை அகலமாக வைத்து, முழங்காலை மடக்கி, உங்கள் தோள் தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை இறங்கி நில்லுங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் உங்கள் முதுகு போய்விடும். அவரைப் பின்பக்கமாகச் சாயச் சொல்லி, தலையின் பின்புறம் உங்கள் இடது முழங்கை மடிப்பில் வந்து உட்காரும்படி ஏந்துங்கள். வலது கை இடுப்புக்குப் பின்னால் உள்ள தட்டையான எலும்புக்கு அடியில், உள்ளங்கை விரித்தபடி. கால்கள் கனத்து மூழ்கினால் முழங்காலுக்கு அடியில் நீளமான நுரை மிதவை ஒன்றைச் செருகிவிடலாம், ஆரம்பத்தில் நான் எல்லோருக்கும் அதை வைத்துவிடுவேன்.

தலை விஷயத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். முகத்தில் தண்ணீர் பட்டுவிடுமோ என்ற பயத்தில் தலையைத் தூக்கிப் பிடிப்போம். தூக்கியதும் கழுத்துத் தசை இறுகும், இடுப்பு கீழே போகும், அவரும் பதறுவார். காது முழுவதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில், மூக்கும் வாயும் நன்றாக வெளியே. தண்ணீரின் கோடு கன்னத்தை ஒட்டி ஓட வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது, மல்லாந்து மிதப்பவர் அதைவிட லேசு. ஆகவே தூக்குவது உங்கள் வேலை இல்லை, தண்ணீர் தூக்கும்.

அப்புறம் சும்மா நில்லுங்கள். மூன்று நிமிடமாவது. இது மிகவும் கடினம், ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துடிக்கும். துடிக்கட்டும், நீங்கள் அவருடைய மூச்சைப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது நுரையீரல் நிரம்பி மார்பு ஒரு விரல்கடை மேலே எழும், விடும்போது இறங்கும். உங்கள் கை அந்த எழுச்சியோடு எழ வேண்டும், இறக்கத்தோடு இறங்க வேண்டும், அவரைவிட முந்தக் கூடாது. நீங்களும் அதே நேரத்தில் மூச்சு இழுத்து, அதே நேரத்தில் விட்டால் முழங்கால் தானாகவே அந்தக் கணக்குக்கு வந்துவிடும். இந்தப் பயிற்சியின் உயிரே இதுதான். மற்றதெல்லாம் இல்லாமல் இதை மட்டும் இருபது நிமிடம் செய்தாலும் அவருக்கு நிறைவாக இருக்கும்.

நான் முதலில் தாங்கியது என் அக்காவை. மிதந்துகொண்டிருந்தாள், ஆனால் இரண்டு கைகளும் மூடிய முஷ்டியாக வயிற்றின் மேல் இருந்தன. விரித்துவிடலாம் என்று நினைத்தேன், செய்யவில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்து முதலில் சுண்டுவிரல் பிரிந்தது, பிறகு ஒவ்வொன்றாக, கடைசியில் இரண்டு கைகளும் வழுக்கித் தண்ணீரில் விழுந்து உள்ளங்கை மேலே பார்த்தபடி மிதந்தன. என் முழங்கையில் அவள் தலை திடீரென்று கனத்தது. அந்தக் கனம்தான் அடையாளம், அதுவரை கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் உங்களிடம் ஒப்படைக்கிறார்.

அந்தக் கனம் வந்த பிறகு நகரத் தொடங்குங்கள். அவர் மூச்சு விடும்போது ஓர் அடி பின்னால், இழுக்கும்போது நிறுத்தம். பிறகு இடமும் வலமுமாக மெல்ல ஊசலாட்டம், கால்கள் நீர்க்கொடி மாதிரி கொஞ்சம் தாமதித்துப் பின்னால் வரும், அந்தத் தாமதத்தில் முதுகு தானாக நீள்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும், அதனால் அவசரப்பட்டால் அவருக்கு இழுபடுவது போலத்தான் இருக்கும். திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்புங்கள், சுவரிலிருந்து அவர் கால் எவ்வளவு தூரம் என்பதில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்.

புல்லரிப்பு, உதடு நிறம் மங்குவது, குமட்டல் தெரிந்தால் முடித்துவிடுங்கள். சிலருக்குக் கண்ணீர் வரும். ஏன் என்று கேட்க வேண்டாம், அசைவை நிறுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்பி வந்து நில்லுங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை 20 நிமிடம் போதும். சுவரின் பக்கம் கொண்டுவந்து, முழங்காலை மடக்கவைத்து, பாதம் தரையைத் தொட, முதுகு சுவரில் சாய உட்காரவையுங்கள். கையைச் சட்டென்று எடுத்துவிடாதீர்கள், அவர் கண் திறக்கும்வரை தோளில் இருக்கட்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். படியேறி வெளியே வரும்போது எடை முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி வரும், ரத்தம் காலுக்கு இறங்கும், தலை சுற்றலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறச் சொல்லுங்கள். துண்டும் குடிக்கத் தண்ணீரும் முன்பே கரையில் தயாராக இருக்க வேண்டும், ஈரத்தோடு அவரை நிற்கவைத்துவிட்டுத் தேடப் போகாதீர்கள்.

அடுத்த முறை நீங்கள் மிதந்து அவரைத் தாங்கச் சொல்லுங்கள். உங்கள் பிடி எங்கே இறுக்கமாக இருந்தது என்பது அப்போது உங்கள் பிடரிக்கே தெரிந்துவிடும்.