தண்டர்பேர்டுல நியூஸ்குரூப் திறக்க லேட்டாகுதா? இத மாத்தி பாருங்க

கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில யூஸ்நெட்ட (நியூஸ்குரூப்னு சொல்ற பழைய விவாத குழுக்களோட வலை) கைவிட்டதும் நெறைய பேர் தண்டர்பேர்டுங்கற மெயில் சாஃப்ட்வேருக்கு வந்துட்டாங்க, ஓசூர்ல ஃபைபர் போட்டும் சி மொழி பத்தின காம்ப்.லேங்.சி குரூப்ப தொட்டா சுத்திக்கிட்டே கெடக்குதுன்னு இப்ப ஒரே பொலம்பல். அதுக்காக ப்ளான ஏத்தி காச கரியாக்காதீங்க. நியூஸ்குரூப் மெசேஜ் சர்வர்ல இருந்து வர்ற முறைக்கு பேரு என்என்டிபி, அதுல ஒண்ணு கேட்டு, பதில் வந்தப்புறம்தான் பெரும்பாலும் அடுத்தது. லிஸ்ட் எழுதாம ஒவ்வொரு சாமானுக்கும் மளிகை கடைக்கு ஒரு நடை நடக்கற கதை. சர்வர் ஐரோப்பாவுல இருந்தா ஒரு நடைக்கு 150, 200 மில்லிசெகண்டு, தேன்கனிக்கோட்டை தாண்டி மலைப்பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்னா இன்னும் மோசம்.

அதனால நடைய கொறைங்க. படிக்காத குரூப்பெல்லாம் அன்சப்ஸ்க்ரைப், பாதி வேல இதுலயே முடிஞ்சிரும். அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் போயி ஸ்டார்ட்அப்ல செக் பண்ற டிக்க எடுத்துருங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா செக் பண்றதும் வேணாம்.

அதே எடத்துல 500 மெசேஜுக்கு மேல இருந்தா கேட்டுட்டு எறக்குன்னு ஒரு டிக் இருக்கும், அத மட்டும் எடுத்துராதீங்க. பழைய குரூப்ப மொத தடவ தொறக்கும்போது பல ஆயிரம் ஹெடர் (மெசேஜோட தலைப்பு, அனுப்பினவர் விவரம்) இருக்கு, எல்லாம் வேணுமான்னு ஒரு பொட்டி வரும், அவசரத்துல ஓகே அடிச்சிட்டு டீ குடிக்க போறவங்கதான் அதிகம். 500 மட்டும்னு குடுத்து, கீழ மிச்சத்த படிச்சதா குறின்னு இருக்கறதையும் டிக் பண்ணுங்க. இல்லன்னா அடுத்த தடவயும் அதே பொட்டி வந்து நிக்கும்.

மொத கனெக்‌ஷன் மட்டும் முக்கி முக்கி வந்து அப்புறம் ஜோரா ஓடுதுன்னா ஐபிவி6 (புது வகை இன்டர்நெட் முகவரி முறை) மேல சந்தேகப்படலாம். செட்டிங்ஸ்ல ஜெனரல் கடைசியில கான்ஃபிக் எடிட்டர், அதுல டிஸேபிள்ஐபிவி6னு தேடி ட்ரூ ஆக்கி பாருங்க, மாறலன்னா பழையபடி வச்சிருங்க.

பூட்டு போடாத போர்ட் 119ல போனா சில ஆன்டிவைரஸ் நடுவுல பூந்து ஒவ்வொண்ணையும் மோந்து பாக்கும். சர்வர் அனுமதிச்சா போர்ட் 563, எஸ்எஸ்எல்னு (பூட்டு போட்ட இணைப்பு) மாத்துங்க, பாஸ்வேர்டும் வெட்டவெளியில போகாது.

இவ்ளோக்கு அப்புறமும் ஒரே ஒரு குரூப் மட்டும் மொரண்டு பண்ணுதா? தண்டர்பேர்ட மூடிட்டு, ப்ரொஃபைல்ல (தண்டர்பேர்டு உங்க டேட்டாவ வச்சிருக்கற ஃபோல்டர்) நியூஸ் ஃபோல்டருக்குள்ள அந்த குரூப் பேர்ல இருக்கற எம்எஸ்எஃப் ஃபைல (ஹெடர் லிஸ்ட் இருக்கற ஃபைல்) அழிங்க, ஹெடர மறுபடி எறக்கிக்கும். பக்கத்துல நியூஸ்ஆர்சி ஃபைல் இருக்கும், அதுல கை வைக்காதீங்க, எந்தெந்த குரூப், எது வரைக்கும் படிச்சீங்கன்ற கணக்கெல்லாம் அதுலதான் கெடக்கு.