சட்டம் வந்த ஆண்டோடு கதை முடிவதில்லை: அமெரிக்கத் தொழில் யுகத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தொழில் வளர்ச்சிக் காலத்தைப் படிக்கும் மாணவர்கள் பலர் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். 1890: ஷெர்மன் சட்டம். 1906: உணவுச் சட்டங்கள். 1913: வருமான வரி. 1920: பெண்களுக்கு வாக்குரிமை. ஆண்டுகள் எல்லாம் சரிதான். ஆனால், அவற்றை மட்டும் வரிசையாகப் படித்தால் முதலாளிகள் சுரண்டினார்கள், மக்கள் கொதித்தார்கள், நல்ல தலைவர்கள் வந்து சட்டம் போட்டுச் சரிசெய்தார்கள் என்ற கதைதான் மனத்தில் பதியும். நடந்தது அதுவல்ல. சட்டம் நிறைவேறிய நாளை முடிவாக எண்ணுவதுதான் இந்தக் காலத்தைப் படிப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. பல நேரங்களில் உண்மையான சண்டை அன்றுதான் தொடங்கியது.

ஷெர்மன் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வணிகத்தைக் கட்டுப்படுத்தும் கூட்டுச் சதிகளும் ஏகபோகமும் குற்றம் என்று 1890-இல் அது அறிவித்தது. நாட்டின் சர்க்கரை சுத்திகரிப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கைக்குள் வைத்திருந்த அமெரிக்கன் சுகர் நிறுவனத்தின் மீது அரசு வழக்குத் தொடுத்தது. 1895-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதுதான்: சர்க்கரை தயாரிப்பது உற்பத்தி, அது வணிகம் அன்று, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில்தான் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆகவே சட்டம் இங்கே பொருந்தாது. எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர்தான்.

ஏகபோகத்தைத் தொட முடியாத அதே சட்டம் தொழிலாளர்களைத் தொட்டது. 1894-இல் சிகாகோவை ஒட்டிய புல்மன் நகரில், ரயில் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் கூலியைக் குறைத்தது. ஆனால், தன் தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே சங்கத்தினர் புல்மன் பெட்டிகள் கோத்த ரயில்களை இயக்க மறுத்தார்கள். முன்பு ரயில் நிறுவனங்களின் வழக்கறிஞராக இருந்த ரிச்சர்ட் ஓல்னிதான் அப்போது அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞர். ஷெர்மன் சட்டத்தையும் காட்டி நீதிமன்றத் தடையாணை பெறப்பட்டது. இல்லினாய் ஆளுநர் எதிர்த்தும் கேட்காமல் அதிபர் கிளீவ்லண்ட் படையை அனுப்பினார். டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார். பின்னர் 1908-இல், டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர்கள் நடத்திய புறக்கணிப்பும் இதே சட்டத்தை மீறியது என்றாயிற்று. இழப்பீட்டுக்காகச் சாதாரண உறுப்பினர்களின் வீடுகள்கூட ஜப்திக்கு உள்ளாயின. ‘1890: ஏகபோக ஒழிப்புச் சட்டம்’ என்ற ஒற்றை வரிக்குள் இவ்வளவும் மறைந்து கிடக்கிறது.

குழந்தை உழைப்பிலும் இதே நிலைதான். சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் வேலை செய்த சிறுவர் சிறுமியரை லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்கள் நாட்டை உலுக்கின. 1916-இல் மத்திய சட்டம் வந்தது. 1918-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நிலைத்து நின்ற மத்திய சட்டம் கிடைக்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1916 என்று மட்டும் எழுதுகிறவர் இடைப்பட்ட இருபது ஆண்டுகளை அந்தக் குழந்தைகளிடமிருந்தே பறிக்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் அதிபர்களின் கணக்கில் எழுதுவது. தியடோர் ரூஸ்வெல்ட்டை ஏகபோகங்களை உடைத்தவர் என்று புகழ்வது வழக்கம். 1902-இல் வங்கியாளர் ஜே. பி. மோர்கனின் ரயில்வே கூட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, 1904-இல் வென்றார் என்பது உண்மை. ஆனால், பெரிய நிறுவனம் என்பதற்காகவே அதை உடைக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு, அரசு கண்காணித்தால் போதும் என்பதே அவர் நிலை. அவர் ஏழரை ஆண்டுகளில் தொடுத்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு வழக்குகளை அடுத்து வந்த டாஃப்ட் நான்கே ஆண்டுகளில் தொடுத்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய் நிறுவனம் 34 துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட 1911-இல் பதவியில் இருந்தவரும் டாஃப்ட்தான். அந்தப் பிரிவினைக்குப் பின் பங்குகளின் விலை ஏறி, அதன் நிறுவனர் ராக்கஃபெல்லர் முன்னைவிடப் பெரும் செல்வரானார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதிபர்களுக்கு முன்பே களத்தில் இருந்தவர்கள் யார்? படிப்படியாக உயரும் வருமான வரி வேண்டும், செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1892-இலேயே ஒமாஹாவில் முழங்கியது விவசாயிகளின் மக்கள் கட்சி. 1894-இல் வந்த வருமான வரியை மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1913-இல் அரசியல் சட்டத்தின் 16, 17-ஆம் திருத்தங்களாக இரண்டும் நிறைவேறியபோது அந்தக் கட்சி ஏற்கெனவே மறைந்துவிட்டது. மாநிலங்களையும் மறக்காதீர்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது. உரிமையாளர்களை நீதிமன்றம் விடுவித்துவிட்டது. தீத்தடுப்பு முதல் வேலை நேரம் வரை புதிய சட்டங்களைக் கொண்டுவந்தது நியூயார்க் மாநிலம் அமைத்த விசாரணை ஆணையமே, வாஷிங்டன் அல்ல.

ஒரு நாவல் வந்தது, மறு மாதமே சட்டம் வந்தது என்ற எளிய கதையும் வேண்டாம். சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றி அப்டன் சின்க்ளேர் எழுதியது 1906-இல் பெரும் அதிர்ச்சி அளித்தது உண்மை. ஆனால், வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி 1902 முதலே தன்னார்வலர்களுக்குப் போராக்ஸ் போன்ற பதப்படுத்தும் பொருள்களை உணவில் கலந்து கொடுத்துத் தீங்கைச் சோதித்துவந்தார். பெரிய இறைச்சி நிறுவனங்களுக்கோ ஏற்றுமதிச் சந்தையைக் காக்க அரசு முத்திரை தேவைப்பட்டது. ஆய்வுச் செலவும் அரசின் தலையில் விழுந்தது. சின்க்ளேர் எழுதியது தொழிலாளர்களின் துயரத்துக்காக. வந்த சட்டமோ இறைச்சியைப் பற்றியது. அதை வெட்டியவர்களின் கூலியில் ஒரு காசும் கூடவில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: சீர்திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்று கருதக் கூடாது. சீனத் தொழிலாளர்களின் வருகைக்கு 1882-இல் தடை வந்தது. ரயிலில் கறுப்பர்களைப் பிரித்து உட்கார வைப்பது செல்லும் என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முற்போக்காளர் என்று பெயர் பெற்ற உட்ரோ வில்சனின் ஆட்சியில் 1913 முதல் அஞ்சல் துறை, கருவூலத் துறை அலுவலகங்களிலும் அந்தப் பிரிவினை புகுந்தது. 1920-இல் 19-ஆம் திருத்தம் நிறைவேறியது; தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் வாக்களிக்க, வாக்குரிமைச் சட்டம் வந்த 1965 வரை போராட வேண்டியிருந்தது. வயோமிங் பெண்களுக்கோ 1869-இலேயே வாக்குரிமை கிடைத்திருந்தது. 1920 என்ற ஒரே எண் இந்த இரு சாராருக்கும் பொருந்தாது.

இதனால், நல்லவர் கெட்டவர் என்று பட்டியல் போடவும் அவசரப்படாதீர்கள். சர்க்கரை வழக்கில் தனித்து நின்ற அதே ஹார்லன்தான் 1896-இலும் தனித்து நின்று, அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகனே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த இரு நீதிபதிகளில் ஒருவர் ஹார்லன்.